புணர்கூட்டும் சங்கமும்

தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூருக்குள் நுழைந்தாலும் அங்கே ஒரு பலகையேனும் ‘சங்கம்’ என்ற சொல்லைத் தாங்கி நிற்கக் காணலாம். பால் உற்பத்தியாளர் சங்கம், நெசவாளர் கூட்டுறவுச் சங்கம், ஆட்டோ ஓட்டுநர் சங்கம், ஓய்வூதியர் சங்கம் என அப்பட்டியல் நீளும். சாதிச் சங்கங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. பலர் ஒரு நோக்கம் பற்றிச் சேர்ந்து, பொறுப்பையும் பயனையும் பங்கிட்டுக்கொள்ளும் எந்த ஏற்பாட்டுக்கும் தமிழர் தயக்கமின்றி எடுத்தாளும் பெயர் இதுவே.

அதே சொல்தான் தமிழின் பழைய இலக்கியத் தொகுதிக்கும் பெயராக நிலைத்திருக்கிறது. ஆனால், அத்தொகுதியைப் பாடிய புலவர்கள் தங்கள் சேர்க்கையைக் குறிக்க இச்சொல்லை ஆளவில்லை. பாட்டும் தொகையுமாகிய பதினெட்டு நூல்களிலும் புலவர் அவை என்ற பொருளில் ‘சங்கம்’ வரக் காணோம். பரிபாடலில் அச்சொல் வருகிறது. அங்கே அது ஒரு பேரெண்ணின் பெயர். இவ்வுண்மையைக் கொண்டு, புலவர் கூட்டம் என்ற ஒன்றே இருந்ததில்லை என்று முடிவு கட்டியோரும் உண்டு. பெயர் இல்லாமையால் பொருளும் இல்லை என்று கொள்வது ஆராய்ச்சிக்கு ஏற்றதன்று. அப்புலவர்கள் வேறு பெயர் எதையேனும் ஆண்டனரா என்று தேடுவதே முறை.

தேடினால், ஒரே ஒரு புலவரைச் சுற்றி இரண்டு சான்றுகள் கிடைக்கின்றன. அவர் மாங்குடி மருதனார்.

முதற்சான்று புறநானூற்றின் 72ஆம் பாட்டு. அதைப் பாடியவன் தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன். இளையன் என்று தன்னை எள்ளிய பகை வேந்தரைப் போரில் அகப்படுத்தாவிடில் தனக்கு நேரக்கடவன என்று மூன்று கேடுகளை அவன் தன்மேல் தானே ஏறிட்டுக்கொள்கிறான். தன் குடிகள் தன்னைக் கொடியன் என்று பழிதூற்றக் கடவர். மாங்குடி மருதனைத் தலைவனாகக் கொண்ட புலவர்கள் தன் நாட்டைப் பாடாதொழியக் கடவர். இரந்து வந்தவர்க்கு ஈய இயலாத வறுமை தனக்கு வரக் கடவது. இம்மூன்றனுள் நடுவிலுள்ளதே இங்குக் கருதத்தக்கது. ஒரு புலவன் பாடாமற் போவான் என்று அரசன் அஞ்சவில்லை. தலைவன் ஒருவனை உடைய புலவர் தொகுதி ஒருங்கே பாடாமற் போகும் என்று அஞ்சுகிறான். ஒருங்கே பாடவும் ஒருங்கே மறுக்கவும் வல்லதொரு கூட்டம் அவன் கண்முன் இருந்திருத்தல் வேண்டும். இல்லையேல் அவ்வஞ்சினத்துக்குப் பொருளில்லை. எனினும் அக்கூட்டத்துக்கு அவன் பெயரேதும் இடவில்லை. தலைவனையும் புலவரையும் மட்டுமே சொல்கிறான்.

இரண்டாம் சான்று மாங்குடி மருதனாரின் வாயிலிருந்தே வருகிறது. அதே நெடுஞ்செழியனுக்கு நிலையாமையை அறிவுறுத்த அவர் பாடியது மதுரைக்காஞ்சி. 782 அடிகள் கொண்ட அது பத்துப்பாட்டுள் மிக நீண்டது. மதுரை நகரின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் யாமங்களையும் விரிவாகக் காட்டிவிட்டு, இறுதிப் பகுதியில் புலவர் அரசனின் முன்னோர் இருவரை நினைவூட்டுகிறார். ஒருவன் வேள்விகளாற் புகழ்பெற்ற முதுகுடுமி. மற்றவன் நிலந்தரு திருவின் நெடியோன். இந்த நெடியோனின் பெருமை யாது? போர் வெற்றியை அவர் எடுக்கவில்லை. நல்லாசிரியர்களின் ‘புணர்கூட்டு’ உண்டவன் என்பதையே அவன் சிறப்பாகக் கூறுகிறார்.

இச்சொல் சற்று நின்று நோக்கத்தக்கது. புணர்தல் என்பது சேர்தல். கூட்டு என்பதும் சேர்க்கையே. ஒரே பொருள் இருமுறை வந்தது போலத் தோன்றினும் இரண்டும் ஒன்றல்ல. புணர்தல் ஆட்கள் வந்து சேர்வதைக் குறிக்கிறது; கூட்டு, சேர்ந்தபின் உண்டாவதைக் குறிக்கிறது. மணப்பொருள் பலவற்றை ஒன்றாக அரைத்த கலவைச் சாந்தையும் கூட்டு என்பது பழைய வழக்கு. இன்று அடுக்களையில் பருப்பும் காயும் சேர்ந்து வெந்ததைக் கூட்டு என்று அழைப்பதும் அதே வேரிலிருந்து வந்ததே. ஆகவேதான் ‘உண்ட’ என்ற வினை அங்கே இயல்பாகப் பொருந்துகிறது. ஆசிரியர்கள் கூடியதனால் விளைந்த இன்பத்தை அரசனும் அவர்களோடு உடனிருந்து துய்த்தான் என்பதே பொருள். அவன் அதை நிறுவினான் என்றோ, அதற்கு இத்தனை உறுப்பினர் என்றோ சொல்லப்படவில்லை. தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் பாடிய பாயிரமும் நிலந்தரு திருவிற் பாண்டியனின் பெயரைச் சொல்கிறது. நூல் அரங்கேறிய இடத்தை அது ‘அவையம்’ என்கிறது. (அவை என்பதும் வடமொழிச் ‘சபா’வின் திரிபே என்பாரும் உளர். அவ்வழக்கு தீர்ந்தபாடில்லை.)

எனவே கூட்டம் இருந்தது. அதற்குத் தலைவனும் இருந்தான். அது கூடிய இடம் அவை, அதன் பயன் புணர்கூட்டு. ‘சங்கம்’ என்ற பெயர் மட்டும் அப்போது அதற்கு வாய்க்கவில்லை.

அப்பெயர் எங்கிருந்து வந்தது என்பதற்கு மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளத்து மலை ஒரு வழிகாட்டுகிறது. அங்குள்ள குகைகளில் தமிழ்ப் பிராமி எழுத்துகள் இருப்பதை இராபர்ட் சீவெல் 1882இல் கண்டறிந்தார். அவை கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பது ஐராவதம் மகாதேவனின் முடிவு. கணி நந்தாசிரியன் என்ற சமணத் துறவிக்குக் குகையில் உறைவிடம் அமைத்துத் தந்தோர் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. நெடுஞ்செழியன் என்ற பெயரும் அவற்றுள் உண்டு. அவன் தலையாலங்கானத்துச் செழியனுக்கு மிக முந்தியவன். கொடையாளருள் ‘வெள்ளறை நிகமத்தோர்’ என்ற கூட்டத்தாரும் இடம்பெறுகின்றனர். நிகமம் வணிகர் கூட்டு. தனித்தனி வணிகராக அன்றி, ஓர் ஊரின் வணிகர் அனைவரும் ஒரே ஆளைப்போல் நின்று கொடையளித்த செய்தியைத் தமிழ்நாட்டுப் பாறை ஒன்று முதன்முதலாகப் பேசுகிறது. கொடுத்தவர் வணிகர் கூட்டம். பெற்றவர் துறவியர் மரபினர். கூடி வாழ்வதற்கான வடபுலச் சொற்கள் தமிழுக்குள் நுழைந்த இரு வாயில்களும் இவையே.

வணிகர் வாயிலில் வந்தவை பல. ‘சாத்து’ என்பது வழித்துணையாகச் சேர்ந்து செல்லும் வணிகர் தொகுதி. கோவலனின் தந்தை மாசாத்துவான் என்ற பெயரே, பெருஞ்சாத்துக்கு உரியவன் எனப் பொருள்படும். பின்னர் மணிக்கிராமம் வந்தது. ‘வணிக்கிராமம்’ என்பதன் திரிபு அது. தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற குளத்தின் காவலை மணிக்கிராமத்தாரிடமும் சேனாமுகத்தாரிடமும் ஒப்படைக்கிறது. அதன்பின் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் எழுந்தனர். சுமத்திராத் தீவின் பாருசில் 1088இல் அவர்கள் தமிழிலேயே கல் நட்டுத் துறைமுகக் கட்டணத்தை வரையறுத்தனர். அக்கல்வெட்டில் தம் கூட்டத்தாரை அவர்கள் ‘நம் மகன்’ என்று சுட்டும் வழக்கம் உள்ளத்தைத் தொடுவது. கடல் கடந்த இடத்தில் பங்காளிக்குரிய உரிமையை, உறவல்லாத ஒருவனுக்கு அளிக்க அவர்களுக்கு உறவுச் சொல்லே துணையாயிற்று.

ஆயினும் நிகமமும் சாத்தும் மணிக்கிராமமும் வழக்கொழிந்தன. துறவியர் வாயிலில் வந்த சங்கமே வாழ்ந்தது. மணிமேகலை முப்பதாம் காதையில் புத்தர், தருமம், சங்கம் என்னும் மும்மணிகளும் போற்றப்படுகின்றன. அங்கே சங்கம் துறவியரின் தொகுதியே. சமணரும் அவ்வாறே வழங்கினர். வச்சிரநந்தி என்பார் மதுரையில் திராவிட சங்கத்தைத் தோற்றுவித்தார் என்றும், அது கி.பி. 470இல் நிகழ்ந்தது என்றும் தேவசேனர் பத்தாம் நூற்றாண்டில் எழுதிய தரிசனசாரம் கூறுகிறது. எஸ். வையாபுரிப்பிள்ளை இக்குறிப்பைப் பெரிதாக எடுத்துக்கொண்டு, தமிழ்ச் சங்கக் கதையின் மூலம் இதுவே என்று கருதினார். அதனால் அவர் பட்ட ஏச்சுக்கு அளவில்லை. வச்சிரநந்தியின் சங்கம் துறவியரின் சமயப் பிரிவே ஆதலின், அதனைப் புலவர் கழகத்தோடு ஒன்றாக்குவது பொருந்தாது. எனினும் பெயர் அத்திசையிலிருந்து வந்தது என்ற அளவில் அவர் கூற்றைத் தள்ளுவதற்கில்லை.

ஏழாம் நூற்றாண்டில் அச்சொல் புலவரிடம் வந்து சேர்ந்துவிட்டது. திருநாவுக்கரசர் திருப்புத்தூர்ப் பதிகத்தில், இறைவன் புலவனாய்ச் சங்கம் ஏறித் தருமிக்குப் பொற்கிழி அளித்த செய்தியைப் பாடுகிறார். ஆண்டாள் தம் பாமாலையைச் சங்கத் தமிழோடு சேர்த்துப் பெயரிடுகிறார். திருப்பாவையிலேயே மற்றோரிடத்தில், திரண்டு வந்து நிற்கும் அரசர் கூட்டத்தையும் அவர் சங்கம் என்றே சொல்வது காண்க. சமணரை எதிர்த்து நின்ற அடியார்களே சமணர் ஆண்ட சொல்லைத் தமிழின் பெருமைச் சொல்லாக்கினர் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. சின்னமனூர்ச் செப்பேடு, பாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் மதுரையில் சங்கம் வைத்ததையும் பாண்டியர் செயல்களாக ஒருசேர எண்ணுகிறது. துய்ப்பதற்குரியதாக இருந்த கூட்டு, இப்போது ‘வைப்பதற்கு’ உரியதாயிற்று. வினை மாறியதைக் கவனித்தல் வேண்டும்.

முச்சங்க வரலாற்றை முழுமையாகச் சொல்லும் முதல் நூல் இறையனார் களவியல் உரை. தலைச்சங்கத்தில் 549 பேர், 4440 ஆண்டு. இடைச்சங்கத்தில் 59 பேர், 3700 ஆண்டு. கடைச்சங்கத்தில் 49 பேர், 1850 ஆண்டு என்று அது கணக்கெழுதுகிறது. இவ்வெண்களைக் கூட்டினால் 9990 வரும். வரலாற்றாசிரியர் இவற்றை ஏற்பதற்கில்லை. ஆனால் எண்களோடு மல்லுக்கு நின்றவர்கள், அதே உரையின் மற்றொரு பகுதியைப் போதிய அளவு பொருட்படுத்தவில்லை. புலவர் கூட்டம் எவ்வாறு நடந்தது என்பதைக் காட்டும் பகுதி அது.

கதை இது. பாண்டி நாட்டில் பன்னீரியாண்டு வற்கடம் வந்தது. உங்களைப் புரக்க இயலேன், சென்று பின்னர் வருக என்று அரசன் புலவரை அனுப்பினான். மழை பெய்து நாடு திருந்தியபின் ஆள் விட்டுத் தேடியபோது எழுத்திலும் சொல்லிலும் யாப்பிலும் வல்லவர் கிடைத்தனர்; பொருளதிகாரம் வல்லார் எவருமே கிடைக்கவில்லை. அரசன் வருந்தினான். இறைவன் அறுபது சூத்திரங்களைச் செப்பேட்டில் எழுதிப் பீடத்தின் கீழ் இட்டான். நூல் கிடைத்தது, அடுத்து, அதற்கு உரை வேண்டும். சங்கத்தார் ஒவ்வொருவரும் ஓர் உரை கண்டனர். யாருடைய உரை மெய்யுரை? நாற்பத்தொன்பதின்மரால் அதனை முடிவு செய்ய முடியவில்லை. அரசனிடம் சென்று நடுவர் ஒருவரைத் தருமாறு கேட்டனர். நும்மினும் மேலானவரை யான் எங்கே தேடுவேன் என்றான் அரசன். இறுதியில் உப்பூரிகுடிகிழார் மகன் உருத்திரசன்மனைக் கொணர்ந்து அமர்த்தினர். அவன் ஐந்து வயதுப் பிள்ளை, வாய் பேசாதவன். ஒவ்வொருவராக உரை படித்தனர். அவன் வாளா இருந்தான். மதுரை மருதன் இளநாகனார் உரைத்தபோது ஒரோவிடத்தில் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் நிறுத்தினான். நக்கீரனார் உரைத்தபோது சொல்தோறும் அவ்வாறு செய்தான். அதுவே மெய்யுரை என்று அனைவரும் ஒப்பினர்.

தெய்விகத்தை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் இக்கதை சொல்வது மிகுதி. புலவர் கூட்டம் ஒன்று ஒத்த கருத்துடன் இருக்கும் என்று இதைச் சொன்னவர் நம்பவில்லை. நாற்பத்தொன்பது பேர் இருந்தால் நாற்பத்தொன்பது உரை இருக்கும் என்றே அறிந்திருந்தார். வாக்கெடுப்புக்கோ அரசாணைக்கோ அவர் அத்தீர்ப்பை விடவில்லை. பேசத் தெரியாத, கட்சி சேராத, மெய்யால் மட்டுமே விடை சொல்லக்கூடிய ஒருவனிடம் விட்டார். எண்கள் கற்பனையாயினும், அவற்றை எழுதியவர் கூட்டங்களில் இருந்து பழகியவர் என்பதில் ஐயமில்லை. தகுதியுடையார்க்கு மட்டும் இடந்தரும் சங்கப்பலகைக் கதை இவ்வளவு நுட்பம் உடையதன்று. அது கதவைக் காக்கும் காவலாளியைப் போன்றது. மக்களிடையே பரவியதென்னவோ அதுவே.

அச்சுக்காலம் வந்தபோது இவ்விரு மரபும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் வெளிப்பட்டன. சி.வை. தாமோதரம் பிள்ளை இறையனார் அகப்பொருளை 1883இல் பதிப்பித்தார். உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889இலும் புறநானூற்றை 1894இலும் வெளியிட்டார். கதை முதலில் கைக்குக் கிடைத்தது. மாங்குடி மருதனாரின் சான்றுகள் ஆறும் பதினோரும் ஆண்டுகள் பிந்திக் கிடைத்தன. அதற்குள் பெயர் உறுதிப்பட்டுவிட்டது. 1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவியபோது, அது நான்காம் சங்கம் என்றே போற்றப்பட்டது. ‘செந்தமிழ்’ இதழை நடத்தியது, ஏடுகளைத் தொகுத்தது, பண்டிதத் தேர்வுகளும் வைத்தது. சங்கப்பலகை தேர்வுத்தாளாக மாறிய இடம் என்று அதைச் சொல்லலாம், எள்ளலாக அன்று. தமிழாசிரியர்களின் பிழைப்புக்கே அத்தேர்வுகள் வழி செய்தன. 1911இல் தஞ்சைக் கரந்தையில் மற்றொரு தமிழ்ச் சங்கம் தோன்றியது.

இதற்கு முன்பே வள்ளலார் 1865இல் சமரச வேத சன்மார்க்க சங்கத்தைத் தொடங்கியிருந்தார். 1872இல் அதன் பெயரைச் சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம் என மாற்றினார். ‘வேதம்’ நீங்கியது, ‘சுத்த’மும் ‘சத்திய’மும் சேர்ந்தன, ‘சங்கம்’ மட்டும் அசையாமல் நின்றது. துறவியர் சொல்லைக் கொண்டு இல்லறத்தாரையும் எளியோரையும் ஒருங்கு சேர்த்தது அவருடைய பெருஞ்செயல். 1904ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டித் திருவள்ளூரை அடுத்த திரூரில் உழவர் கடன் சங்கம் தோன்றிற்று. ‘ஐக்கிய நாணயச் சங்கம்’ என்ற பெயரை ஊரார் அதன் வழியே பழகினர். ‘கூட்டுறவு’ என்ற அழகிய தமிழ்ச்சொல் பின்னர் வந்து முன்னொட்டாக நின்றது. 1918இல் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்நின்ற சென்னைத் தொழிலாளர் சங்கம் ஆலைத் தொழிலாளிக்கும் அச்சொல்லை உரிமையாக்கியது. துறவி, புலவர், உழவர், தொழிலாளி என்ற இவ்வரிசையில் இறுதியிலுள்ளவர்க்கே அது உயிர்ச்சொல்லாயிற்று.

பிறகு கழகம் வந்தது. வடசொல்லை விலக்க விரும்பியோர் சங்கத்துக்கு மாற்றாக அதனை எடுத்தனர். 1920இல் நிறுவப்பட்ட சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் அப்பெயரை வீட்டுக்கு வீடு கொண்டு சென்றது. தேவநேயப் பாவாணர் சங்ககாலத்தையே கழகக் காலம் என்று எழுதினார். இதில் ஒரு முரண் உண்டு. கழகம் திருக்குறளில் இருமுறை வருகிறது. இரண்டும் சூது அதிகாரத்தில், சூதாடுமிடம் என்ற பொருளில். கம்பர் காலத்தில் அது கலை பயிலுமிடமாக உயர்ந்துவிட்டது உண்மையே. ஆனாலும் வள்ளுவரைத் தலைமேற் கொண்ட இயக்கம், அவர் செல்வம் கெடுக்கும் இடமாகச் சொன்ன சொல்லைத் தன் பெயராகத் தேர்ந்தது. 1916இல் தோன்றிய தென்னிந்திய நலவுரிமைச் சங்கம், 1944இல் சேலம் மாநாட்டில் திராவிடர் கழகமாயிற்று. சங்கத்திலிருந்து கழகத்துக்கு மாறிய அந்த ஒரே பெயர்மாற்றத்தில் அரைநூற்றாண்டு மொழிவரலாறு அடங்கியிருக்கிறது. சங்கம் மனு எழுதும், கழகம் ஊர்வலம் போகும் என்றதொரு பொருள் வேறுபாடு மக்கள் மனத்தில் தானே வளர்ந்தது.

எழுத்தாளர்க்கு மட்டும் இவ்விரண்டும் முழுமையாக ஒட்டவில்லை. 1930களில் மணிக்கொடி இதழைச் சுற்றி நின்றோரைக் ‘கோஷ்டி’ என்றனர். கோயிலில் பாசுரம் ஓதும் அடியார் குழாத்தின் பெயர் அது. அதன் பழந்தமிழ் வடிவம் ‘கோட்டி’. நூல் நிரம்பாதவன் கோட்டி கொள்ளுதலின் பேதைமையை வள்ளுவர் கல்லாமை அதிகாரத்தின் முதற்குறளிலேயே சொல்லிவிட்டார். (நெல்லைச் சீமையில் கோட்டி என்றால் பித்து. இவ்விரு சொற்களும் ஒலியால் ஒத்தது தற்செயலே. இலக்கியக் கூட்டங்களுக்குப் போய்வருபவர்கள் அவ்வாறு ஒப்பமாட்டார்கள்.) பின்னாளில் கோஷ்டி என்ற சொல்லே பிளவைக் குறிக்கலாயிற்று. கூடியிருந்தோரின் பெயர், பிரிந்துபோனோரின் பெயராகிவிட்டது. 1963இல் க.நா.சுப்ரமண்யம் தம் இதழுக்கு ‘இலக்கிய வட்டம்’ என்று பெயரிட்டார். அதன்பின் ஊர்தோறும் வட்டங்கள் தோன்றின.

வட்டம் அதற்கு முன்பே திருநெல்வேலியில் இருந்தது. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரின் வீட்டுத் தொட்டிக்கட்டில் அன்பர்கள் கூடினர். அந்த இடத்தின் பெயரே கூட்டத்துக்கும் பெயராகி ‘வட்டத்தொட்டி’ என வழங்கலாயிற்று. ஒரு கம்பன் பாட்டை எடுத்துக்கொண்டு, சீர் பிரித்து, மீண்டும் மீண்டும் வாய்விட்டுப் படித்து, அதன் சுவை நாவில் நிற்கும்வரை விடாதிருப்பதே அங்கு நடந்த காரியம்.